ஐந்து வாரத் தாகம்

அத்தியாயம் பதினொன்று

பதவி உயர்வு வந்த அன்று ஹென்னிங் கையில் ஷாம்பெயின் பாட்டிலோடு வீட்டுக்கு வந்ததும், பாட்டில் காலியாவதற்குள் காப்பீட்டு ஏஜெண்டு கோர்டெஸுக்குப் போன் போட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். காற்றாலைக் கம்பெனியில் அவனுக்குப் புதுச் சம்பளம். சர்க்கார் போட்டு வைத்திருக்கும் வரம்பை அது தாண்டிவிட்டது. தாண்டினவர்களுக்கு ஜெர்மனியில் ஒரு கதவு திறக்கும். பொது மருத்துவக் காப்பீட்டை விட்டுவிட்டுத் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம். போனால் பிள்ளையும் கூடவே போக வேண்டும். வயதான காலத்தில் திரும்பி வரவும் முடியாது. இதை ஏஜெண்டுகள் கொஞ்சம் மெதுவான குரலில் சொல்வார்கள்.

பொதுக் காப்பீடு எதுவும் கேட்காமல் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும். தனியார்காரர்கள் நாலு பக்கத்துக்குக் கேள்வி கேட்பார்கள். என்ன நோய், என்ன உபாதை, எந்த டாக்டர், எப்போது பார்த்தீர்கள்? பதில் பிடிக்கவில்லையென்றால் விலையை ஏற்றுவார்கள், அல்லது கதவைச் சாத்துவார்கள்.

அதனால்தான் கோர்டெஸ் போனில் சொன்னார்: "கையெழுத்து ஆகற வரைக்கும் குழந்தைய எந்த டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போயிடாதீங்க சார். ஒரு தும்மல்கூட ஃபைல்ல ஏறக் கூடாது."

அது ஐந்து வாரத்துக்கு முன்பு. அந்த வாரம்தான் ஒன்பது வயது இன்சா நொடிக்கு நூறு தரம் தண்ணீர் கேட்க ஆரம்பித்தாள்.

இந்த வியாழக்கிழமை காலையில் அவள் அம்மா வீப்கே, வாரத்தில் மூன்றாவது தடவையாக மகளின் படுக்கை விரிப்பை வாஷிங் மெஷினில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மறுபடியுமா?" என்றான் ஹென்னிங், கையில் காபியோடு.

"மறுபடியும்தான். நாலு வயசுல நின்னுபோன பழக்கம் ஹென்னிங். இப்ப என்னத்துக்குத் திரும்ப வருது?"

"வளர்ற வயசு. உயரம் போடறா. பாத்தியா, பேண்ட் எல்லாம் லூசாயிடுச்சு."

"உயரம் போட்டா பேண்ட் குட்டையாகும். லூசாகாது."

பேச்சில் மாட்டிக்கொண்டால் எப்போதும் செய்வதை அவன் செய்தான். பிரிட்ஜ் கதவைப் பார்த்தான்.

அந்தக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய சின்ன அட்டை ஒன்று இருக்கிறது. இதய டாக்டரிடம் அவன் அம்மாவுக்குக் கிடைத்த தேதி. நாலு மாதம் காத்திருக்கச் சொல்லிக் கொடுத்த தேதி. அதற்கு மூன்று வாரம் இருக்கும்போதே அம்மா தோட்டத்தில் விழுந்து இறந்துபோனாள். பக்கத்து வீட்டுக் கிழவருக்கும் அதே நோய்தான். தனியார் காப்பீடு வைத்திருந்த அவருக்கு அதே டாக்டர் நாலே நாளில் தேதி கொடுத்தார். அவர் இன்றைக்கும் சைக்கிளில் போய் ரொட்டி வாங்கி வருகிறார்.

"என் பொண்ணு யார் வாசல்லயும் காத்துக்கிட்டு நிக்க மாட்டா," என்றான். இதை அவன் சொல்வது நூறாவது தடவை இருக்கும். "இன்னிக்கு நாலு மணிக்கு கோர்டெஸ் வர்றார். நீயும் நானும் கையெழுத்துப் போடறோம். அப்புறம் நீ எந்த டாக்டர்கிட்ட வேணும்னாலும் போ. பெரிய பேராசிரியரே வந்து பார்ப்பார்."

"கையெழுத்து போட்ட உடனே?"

"உடனே. நான் ப்ராமிஸ் பண்றேன்."

வீப்கே மெஷின் கதவைச் சாத்தினாள். அவள் நல்லவள் என்று வாராவாரம் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இன்றைக்குக் கொஞ்சம் பொறுத்து எழுதுங்கள்.

வியாழக்கிழமை அவளுக்கு நூலகத்தில் வேலை கிடையாது. காலி தண்ணீர் பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுக்கும் நாள் அது. பன்னிரண்டு பாட்டில் கிரேட் ஒன்று, மூன்று பேர் உள்ள அந்த வீட்டுக்கு ஒரு வாரம் வரும். இன்று காரிலிருந்து நாலு கிரேட்டை இறக்கினாள். காலி பாட்டில் வாங்கும் கடை மெஷின் ஒவ்வொரு கிரேட்டாக உள்ளே இழுத்துக்கொண்டது.

"வீட்ல விருந்தா?" என்று பின்னால் நின்ற பெரியவர் சிரித்தார்.

"ஆமா," என்றாள் வீப்கே. சொன்ன பிறகு அவளுக்கே தன் மேல் அருவருப்பு வந்தது.

மத்தியானம் ஆல்முட் வந்தாள். ஹென்னிங்கின் அக்கா. ஒரு கட்டு வெள்ளை அஸ்பாரகஸ் தண்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, உட்கார்ந்த கையோடு தோல் சீவ ஆரம்பித்தாள். வாயும் கத்தியும் ஒன்றாக ஓடும் அவளுக்கு.

கண் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. போன் மணி அடித்தால் அவள் கேட்கும் முதல் கேள்வி, "பொதுவா, பிரைவேட்டா?" பிரைவேட் என்றால் வருகிற செவ்வாய். பொது என்றால் ஐந்து மாதம் தள்ளி அக்டோபர். இந்த ஊரில் நான் இருபத்துமூன்று வருஷமாக இருக்கிறேன். எனக்கும் பல அக்டோபர்கள் கிடைத்திருக்கின்றன.

"இன்னிக்கு ஒருத்தி போன்ல அழுதா," என்றாள் ஆல்முட். "அக்டோபருக்குள்ள கண்ணே போயிடும்ங்கறா. நான் என்ன பண்றது? பிரைவேட்காரங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்ச நேரத்துல திருட்டுத்தனமா அவளச் சொருகினேன். டாக்டருக்குத் தெரிஞ்சா என் சீட்டு கிழியும்."

ஒரு மணிக்கு இன்சா பள்ளியிலிருந்து வந்தாள். பையைக் கழற்றவில்லை, செருப்பைக் கழற்றவில்லை. நேரே மேசைக்கு வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து நின்றபடியே குடித்தாள். முடித்துவிட்டு இன்னொன்றைத் திறந்தாள்.

ஆல்முட்டின் கத்தி நின்றது.

"கண்ணு, இங்க வா. அத்தைக்கு ஒரு முத்தம் குடு."

குனிந்து அணைத்தவள் முகத்தைச் சுளித்தாள். "நெயில் பாலிஷ் அழிக்கற தண்ணிய எதுக்குடி எடுத்தே?"

"எடுக்கலையே அத்தை."

"பின்ன வாயில ஏன் அந்த நெடி அடிக்குது?"

"தெரியல. எனக்குத் தூக்கம் வருது."

சாப்பிடாமலேயே இன்சா மாடிக்குப் போனாள். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள். அப்பாவின் பெல்ட்டைப் புதிதாகத் துளை போட்டு இடுப்பில் கட்டியிருந்தாள். கீழே இருந்து இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள் ஆல்முட்.

வீப்கே வெண்ணெயை உருக்கிக்கொண்டிருந்தாள். "இன்னும் காட்டல."

"ஏன்? காப்பீட்டுக் கார்டு தொலைஞ்சுபோச்சா?"

"இல்ல."

"குழந்தை டாக்டர் ஊர விட்டு ஓடிட்டாரா? ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கார்?"

வேறு வழியில்லாமல் வீப்கே சொன்னாள். கோர்டெஸ், நாலு பக்கக் கேள்வி, ஃபைலில் தும்மல் ஏறக் கூடாது என்ற யோசனை, எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

ஆல்முட் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

"அம்மா க்யூவுல நின்னு செத்தா. ஒத்துக்கறேன். எனக்கும் அவ அம்மாதான். ஆனா குழந்தைக்கு ஏது க்யூ? இந்தப் பொதுக் கார்டைக் காட்டினா அந்தக் குழந்தை டாக்டர் இன்னிக்கே பாப்பார். ஒத்தக் காசு கேக்க மாட்டார். இந்த க்யூவ டாக்டரா போட்டார்? நீங்க ரெண்டு பேரும் சொந்தமாப் போட்ட க்யூ இது!"

"கத்தாத ஆல்முட், அவ தூங்கறா."

"ஒன்பது வயசுக் குழந்தை மத்தியானம் ஒரு மணிக்கு ஏன் தூங்குது? அத யோசிச்சியா? என் தம்பி மடையன், அம்மா செத்ததுலேர்ந்து அவனுக்குப் புத்தி ஒரு பக்கமாவே போகுது. உனக்கு என்ன வந்துச்சு?"

வீப்கேயின் கண் நிறைந்தது. "ரெண்டு பேர் சம்மதம் வேணும் குழந்தைக்கு. நான் மாட்டேன்னு சொன்னா, நாளைக்கு அவளுக்குப் பெருசா ஏதாவது வந்து, தேதி கிடைக்காம போச்சுன்னா, அவன் என்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டான்."

"சரி. நான் இப்பவே அவளத் தூக்கிட்டுப் போறேன்."

"மூணே மணி நேரம் ஆல்முட். நாலு மணிக்குக் கையெழுத்து. அஞ்சு மணிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

ஆல்முட் பையை எடுத்துக்கொண்டாள். சாயங்கால ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சீவி முடிக்காத அஸ்பாரகஸ் மேசையிலேயே கிடந்தது.

"ஆறு மணிக்குப் போன் பண்ணுவேன். நீங்க டாக்டர்கிட்ட இல்லேன்னா வந்து கதவ உடைப்பேன்."

நினைத்திருந்தால் அவள் அப்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அவளும் அந்த மூன்று மணி நேரத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

மூன்றரைக்கு ஹென்னிங் வந்துவிட்டான். இஸ்திரி போட்ட சட்டையை மாற்றிக்கொண்டு மகளை எழுப்பிக் கீழே கூட்டி வந்தான். சோபாவில் உட்காரவைத்து, எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"கண்ணு, அப்பாவுக்கு ஒரு உதவி பண்ணுவியா? அந்த ஆள் இருக்கற வரைக்கும் தண்ணி குடிக்காம இரு. குடிச்சா அடிக்கடி பாத்ரூம் ஓடுவே. அவர் ஏதாவது நெனச்சுக்குவார்."

"எவ்ளோ நேரம்ப்பா?"

"கையெழுத்து போடற வரைக்கும்தான். அப்புறம் நீ எவ்ளோ வேணும்னாலும் குடி. என் சமத்து இல்ல?"

"சரிப்பா."

சமையலறையில் ரூபார்ப் கேக்கை வெட்டிக்கொண்டிருந்த வீப்கேயின் காதில் இது எல்லாம் விழுந்தது. அவள் கேக்கை வெட்டி முடித்தாள்.

கோர்டெஸ் சரியாக நாலு மணிக்கு மணியடித்தார். வாசலிலேயே ஷூவைக் கழற்றினார், வீட்டைப் புகழ்ந்தார், கேக்கின் மேல் க்ரீமை அள்ளி வைத்துக்கொண்டார். பிறகு தாளை விரித்தார்.

"சம்பிரதாயத்துக்குப் படிக்கறேன். குழந்தை இன்சா. கடந்த மூணு வருஷத்துல ஏதாவது நோய்?"

"இல்ல," என்றான் ஹென்னிங்.

"உபாதை? டாக்டர்கிட்ட காட்டாததும் சேர்த்துத்தான்."

"இல்ல."

"காரணமில்லாம எடை குறைஞ்சுதா?"

"இல்லவே இல்ல."

மூன்று கட்டங்களில் மூன்று குறி விழுந்தது. இன்சா சோபாவில் இருந்தாள். உதடு வெடித்திருந்தது. மேசை மேல் பெரியவர்களுக்காக வைத்திருந்த தண்ணீர் பாட்டிலிலிருந்து அவள் கண் நகரவில்லை.

"என்ன குட்டி, ஸ்கூல்லாம் எப்படி?" என்றார் கோர்டெஸ்.

"நல்லா... இருக்கு." சொற்கள் மெதுவாக வந்தன.

"இன்னிக்கு விளையாட்டுப் போட்டி," என்றான் ஹென்னிங் அவசரமாக. "அதான் அசதி."

கோர்டெஸ் குழந்தையை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். எத்தனை குழந்தைகளைப் பார்த்திருப்பார்! அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். புரிந்தவர் பேனாவைத் திறந்து வீப்கேயிடம் நீட்டினார்.

"மேடம், இங்க. அப்புறம் இங்க."

கையெழுத்துக்கு மேலே எல்லாம் உண்மை என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. வீப்கே அதைப் படித்தாள். நூலகத்தில் வேலை செய்கிறவள், எதையும் படிக்காமல் கையெழுத்து போட மாட்டாள். படித்துவிட்டுத்தான் போட்டாள். சீக்கிரம் போட்டால் சீக்கிரம் கிளம்பலாம் என்பது மட்டும்தான் அப்போது அவள் மனதில் இருந்தது. கார்ச் சாவியைக் கேக் வெட்டும்போதே பாவாடைப் பையில் போட்டு வைத்திருந்தாள்.

இன்சா எழுந்தாள். "அம்மா, பாத்ரூம்," என்று முணுமுணுத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி போனாள்.

"அவ்ளோதான்," என்றார் கோர்டெஸ் பேனாவை மூடி. "காப்பீட்டுக் கம்பெனியோட சம்மதக் கடிதம் பத்து நாள்ல வந்துடும். அது வரைக்கும் இதே மாதிரி ஜாக்கிரதையா இருங்க. டாக்டர் பக்கம் போக வேண்டாம்."

வீப்கேயின் கை பையிலிருந்த சாவி மேல் இருந்தது. "பத்து நாளா?"

"பாதுகாப்புக்குத்தான் மேடம்."

"கையெழுத்து போட்ட உடனேன்னு சொன்னியே ஹென்னிங்?"

"வீப்கே, அவர் போனதும் பேசலாம்."

"அஞ்சு வாரமா எல்லாத்தையும் அப்புறம் அப்புறம்னுதான் பேசறோம். இப்பப் பேசு. இவர் முன்னாடியே பேசு!"

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அந்தச் சத்தத்தோடு பாத்ரூமிலிருந்து இன்னொரு சத்தமும் கேட்டது.

குழாய் திறந்தபடி இருந்தது. இன்சா கழுவும் தொட்டிக்குக் கீழே கிடந்தாள். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. யாரோ துரத்த ஓடி வந்தவள் மாதிரி ஆழ ஆழ மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த நெடி பாத்ரூம் முழுக்க நிறைந்திருந்தது.

"இன்சா! கண்ணு!" ஹென்னிங் அவளைத் தூக்கினான். தூக்கியவன் ஒரு கணம் அப்படியே நின்றான். அவ்வளவு லேசாக இருந்தாள். ஐந்து வாரமாக அவன் அவளைத் தூக்கவே இல்லை.

வீப்கே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். கோர்டெஸ் பாதிக் கேக்கைத் தட்டிலேயே விட்டுவிட்டார். தாள்களை மட்டும் ஒன்றுவிடாமல் அடுக்கிப் பைக்குள் வைத்தார். "நான் இங்க இருக்கறது உங்களுக்கே நல்லதில்ல," என்றபடி ஷூவை மாட்டினார். ஆம்புலன்ஸ் தெருவுக்குள் நுழைந்தபோது அவர் கார் வெளியே போய்க்கொண்டிருந்தது.

குழந்தைகள் ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒரு பெண் கையை நீட்டினாள். "காப்பீட்டுக் கார்டு?"

வீப்கே பர்ஸைத் திறந்தாள். நூலகக் கார்டுக்குப் பின்னால் இருந்தது அது, ஐந்து வாரமும் அங்கேயேதான் இருந்தது. அந்தப் பெண் அதை மெஷினில் செருகினாள். ஒரு பீப் சத்தம் வந்தது. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அவ்ளோதானா?" என்றாள் வீப்கே.

"அவ்ளோதான். உள்ள போங்க, டாக்டர் காத்துக்கிட்டிருக்காங்க."

டாக்டர் காத்துக்கிட்டிருக்காங்க. வீப்கேக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது.

டாக்டர் எர்கின் வயதில் சின்னவர். இன்சாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். மெஷினைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் ஏதோ சொன்னார். அறைக்குள் சட்டென்று நாலு பேர் வந்தார்கள்.

"சர்க்கரை. ரத்தத்துல அமிலமும் ஏறியிருக்கு, வாயில நெடி அடிக்கறது அதனாலதான்."

"எவ்ளோ இருக்கு டாக்டர்?" என்றான் ஹென்னிங்.

"மெஷின் நம்பரே காட்டல. அதோட அளவுக்கு மேலன்னு மட்டும் காட்டுது. தீவிர சிகிச்சைக்கு மாத்தறோம்." டாக்டர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் சரியாச் சொல்லுங்க. இந்தத் தாகம், எடை குறையறது, எல்லாம் எப்பேர்ந்து? உடம்பு எத்தன நாளாக் காஞ்சிருக்குன்னு தெரிஞ்சாத்தான் எவ்ளோ வேகமா தண்ணி ஏத்தலாம்னு முடிவு பண்ண முடியும். தப்பாப் போச்சுன்னா மூளை வீங்கிடும்."

ஹென்னிங்கின் கையில் போன் அதிர்ந்தது. பழக்கத்தில் பார்த்துவிட்டான். பக்கத்தில் நின்ற வீப்கேயும் பார்த்தாள். கோர்டெஸ் எழுதியிருந்தார்: 'விண்ணப்பத்தைக் காரிலிருந்தே அனுப்பிவிட்டேன். அதில் ஆஸ்பத்திரிப் பதிவுக்கு முந்தைய நேரம் விழுந்திருக்கிறது. இன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று சொல்லுங்கள்.'

ஹென்னிங் போனைப் பைக்குள் போட்டான். முகம் சாம்பலாக இருந்தது.

"ரெண்டு... ரெண்டு நாளா டாக்டர்."

அவன் வீப்கேயைப் பார்த்தான். பிரிட்ஜ் கதவைப் பார்க்கும் அதே பார்வை. அவனைக் கெட்டவன் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்த நேரத்திலும் அவன் மகளுக்காகத்தான் பொய் சொல்கிறோம் என்று நம்பினான். அதுதான் தாங்க முடியவில்லை.

"அஞ்சு வாரம்," என்றாள் வீப்கே.

டாக்டரின் பேனா நின்றது. "அஞ்சு நாளா?"

"அஞ்சு வாரம். எழுதிக்கோங்க. ஒரு நாளைக்கு அஞ்சாறு லிட்டர் குடிச்சா. வாரத்துல மூணு நாள் படுக்கை நனைஞ்சுது. இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து குடிக்கல."

"ஏன் குடிக்கல? தண்ணி குடுக்கலையா?"

வீப்கே ஹென்னிங்கின் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு வாரமா ஏன் யார்கிட்டயும் காட்டல? உங்ககிட்ட கார்டு இருந்துதே?"

ஹென்னிங் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

கட்டிலில் இன்சாவின் கண் திறந்தது. அப்பாவைத் தேடியது. வறண்ட நாக்கு ஒட்டிக்கொள்ள, அவள் மெதுவாகக் கேட்டாள்.

"கையெழுத்து போட்டாச்சாப்பா? இப்ப நான் தண்ணி குடிக்கலாமா?"

"இப்ப குடிக்கக் கூடாதும்மா," என்று நர்ஸ் அவள் நெற்றியைத் தடவினாள். "ஊசி வழியாத்தான் ஏத்துவோம்."

டாக்டர் எர்கின் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். அம்மாவைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"என்ன கையெழுத்து?" என்றார்.